எழுநூற்றைம்பது வாட்

கையில் நூற்றுப் பன்னிரண்டு ரியால்.
ஐந்து மாதம் சாயங்காலப் பரோட்டாவை
ஒன்றாகக் குறைத்துச் சேர்த்தது.
ருவியில், கம்ப்யூட்டர் கடைகள்
தோளோடு தோள் ஒட்டி நிற்கும் சந்தில்
கண்ணாடிக்குள் ஏழு நிறத்தில் சுழன்றது
ஒரு கிராபிக்ஸ் கார்டு.
மூன்று விசிறி. கல்யாண மண்டபத்துச் சீரியல் செட்.
"இதை எடுக்கு அண்ணா" என்றான் கடைப்பையன் ஷிபின்.
"எல்லா கேமும் பறக்கும்."

நான் ஏசி மெக்கானிக்.
பறப்பது பற்றி எனக்குத் தெரியாது,
நின்றுபோவது பற்றித் தெரியும்.
நாற்பத்தேழு டிகிரியில் மொட்டைமாடி ஏறி
செத்த யூனிட்டைத் திறந்தால்
பத்தில் ஏழு முறை
குற்றவாளி கம்ப்ரஸர் இல்லை.
வயிறு உப்பிய சின்ன கெப்பாசிட்டர்.
எண்ணூறு பைசா மிச்சம் பிடித்த எவனோ ஒருவனின் வேலை.

எங்கள் அறையில் ஆறு கட்டில், ஒரு கம்ப்யூட்டர்.
கஸ்பார் அண்ணன் சலாலா ரோட்டில் டிரெய்லர் ஓட்டுகிறார்.
ஆயிரம் கிலோமீட்டர், ஒரே நிறம்.
திரும்பிவந்த ராத்திரி குளித்துக் கைலி மாற்றி
மறுபடியும் லாரிதான் ஓட்டுவார்,
நார்வேயில்.
பனி கொஞ்சம் கூடினால் போதும்,
பெட்டி பட்டென்று அணையும்,
லோடு இறக்க முப்பது கிலோமீட்டர் இருக்கையில்.
"என் வண்டிகூட இப்படிப் பண்ணினதில்ல" என்பார்.

போன வெள்ளிக்கிழமை மூடியைக் கழற்றினேன்.
உள்ளே சலித்த மாவு போலப் புழுதி.
பவர் சப்ளையை உருவி
உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன்.
எடையே இல்லை. பொரிப் பொட்டலம்.
லேபிளில் மட்டும் அறுநூறு வாட் என்று ஒரு துணிச்சல்.
கார்டு பாவம், ஆறு வயசு.
சோறு கிடைக்காமல் மயங்கிய பிள்ளையை
சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருந்தோம்.

"பல்லக்கு வேண்டாம் தம்பி,
அடித்தட்டில் இருக்கே, அந்தக் கறுப்புப் பெட்டி."
ஷிபின் முகம் வாடியது. தூசி தட்டி எடுத்தான்.
எழுநூற்றைம்பது வாட், நாற்பத்து மூன்று ரியால்.
வாங்கியதும் மணிக்கட்டு இறங்கியது.
அந்த இறக்கத்துக்குத்தான் காசு.
முன்பக்கம் வலை போட்ட கேஸ் பத்தொன்பது,
வலையைக் கழற்றிக் குழாயடியில் கழுவலாம்.
எஸ்எஸ்டி இருபத்தாறு.
போர்டைத் தொடவில்லை,
அதன் சாக்கெட்டில் இன்னொரு பிராசஸருக்கு இடமிருக்கிறது.
மிச்சம் இருபத்து நாலை மடித்துச் சட்டைக்குள் வைத்தேன்,
என்றைக்கோ வரப்போகும் கார்டின் முதல் தவணை.

பேர் கேட்டான். தவசிமுத்து.
வாரண்டி அட்டையில் முத்திரை குத்தினான்:
பத்து வருடம்.
என் லேபர் கார்டுக்கு ரெண்டு வருடம்,
அதில் ஏழு மாதம் போயாச்சு.
இந்த ஊரில் இவ்வளவு நாளுக்கு
என் பேரில் யாரும் எதுவும் எழுதித் தந்ததில்லை.

ராத்திரி ஆறு பேரும் சுற்றி நிற்க
சுவிட்சைப் போட்டேன்.
விளக்கு எதுவும் எரியவில்லை.
நேற்றைய அதே பனி. அதே முப்பத்தெட்டு ஃபிரேம்.
"எண்பத்தெட்டு ரியால் போட்டு
என்னண்ணே மாறுச்சு?" என்றான் மேல்கட்டில் ஜெயசிங்.

பதில் சொல்ல ஒன்றரை மணி நேரம் ஆனது.
கஸ்பார் அண்ணன் மலை ஏறினார்.
பனி கூடியது, வைப்பர் திணறியது,
வெளியே ஜன்னல் ஏசி கிளம்பும்போதெல்லாம்
டியூப்லைட் ஒருமுறை கண்ணடித்தது.
பெட்டி அணையவில்லை.
துறைமுகத்தில் மீன்பெட்டிகளை இறக்கிவைத்தார்.
யாரும் கைதட்டவில்லை.
அணையாததற்கெல்லாம் யார் கைதட்டுவார்கள்,
பாதிப் பேர் அதற்குள் தூங்கியிருந்தார்கள்.

அட்டையை பாஸ்போர்ட் நகலோடு ஒரே கவரில் வைத்தேன்.
ஒன்றேமுக்கால் கிலோ.
விசா கேன்சலானால்
முப்பது கிலோ லக்கேஜில்
எந்தச் சட்டைகளுக்கு நடுவே அது போகும் என்பதையும்
பார்த்துவைத்துவிட்டேன்.

மணி பன்னிரண்டே கால்.
காலை நாலரைக்கு அண்ணனுக்கு ஹைமா லோடு.
ஸ்வீடன் எல்லையில் நின்றுகொண்டு
திரும்பாமலே சொல்கிறார்,
"இன்னும் ஒரே ஒரு டிரிப்."